சார்ஜ் ஏறுது, போன் மட்டும் தெரியலை

"சார்ஜ் ஏறுது தம்பி. ஆனா கம்ப்யூட்டர்ல போனே காட்ட மாட்டேங்குது." யார் வந்து சொன்னாலும் இந்தப் புகார் வார்த்தை மாறாமல் இப்படியேதான் வருகிறது. இந்த முறை கொண்டுவந்தவர் எங்கள் மாடிவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆண்ட்ராய்டு போன் ஒரு கையில், லேப்டாப் பை மறு கையில். பேரனின் வீடியோக்களால் போன் நிரம்பிவிட்டது. இனி ஒரு படம் எடுக்க இடமில்லை. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்ய வேண்டும். தெருமுனைக் கடையில் கேட்டதற்கு, "விண்டோஸை பார்மட் அடிச்சு வேற போட்டாத்தான் சரியாகும்" என்று பதில் வந்திருக்கிறது.

"பார்மட் எல்லாம் வேண்டாம் சார். உட்காருங்க, டீ போடறேன்" என்றேன்.

சார்ஜ் ஏறுகிறதே, அப்புறம் கேபிளில் என்ன குறை இருக்க முடியும் என்பது எல்லோருடைய வாதமும். அங்கேதான் வழி தவறிப்போகிறது. சாதாரண யூஎஸ்பி கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. ஐந்து வோல்ட் அவற்றில்தான் வருகிறது. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. படமோ பாட்டோ போனின் பெயரோ, எதுவானாலும் அந்த இரண்டின் வழியாகத்தான் போய்வர வேண்டும். சார்ஜ் ஏறுவதற்கு முதல் இரண்டு போதும். ஆகவே சார்ஜ் ஏறுகிறது என்றால் பாதிக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். மறு பாதி அறுந்திருக்கலாம். அல்லது முதலிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம்.

"இல்லாமலேயா?" என்றார் சார்.

ஆமாம். டிரிம்மர், கழுத்தில் மாட்டும் புளூடூத் இயர்போன், கையடக்க ஃபேன், பவர் பேங்க் ஆகியவற்றோடு வரும் குட்டைக் கேபிள்களில் பலவற்றுக்கு உள்ளே இரண்டே கம்பிகள். அந்தப் பொருளுக்கு மின்சாரம் போதும் என்பதால் மீதி இரண்டை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கடையில் எதைக் கேட்டாலும் டேட்டா கேபிள் என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள், டேட்டா போகாத கேபிளைக்கூட. தடிமனாக இருப்பது, துணி சுற்றியிருப்பது, 65 வாட் என்று பொறித்திருப்பது, எதுவும் இதற்குச் சாட்சியாகாது. வாட் என்பது எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்ற கணக்கு. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கும்போது, கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே போனைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் காட்டுவார்கள்.

சாருடைய கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அரை முழம் நீளம், வெள்ளை நிறம். இயர்போனோடு வந்தது என்றார். என் மேஜையில் இருந்த கேபிளை எடுத்து அவர் போனில் செருகினேன். லேப்டாப் 'டிங்டொங்' என்று ஒலித்தது. ஆனால் ஃபைல் எக்ஸ்புளோரரில் போனைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் திரை.

"உங்க கேபிளும் வேலைக்காகலையே தம்பி" என்று அதைக் கழற்றப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரும்பாலானவர்கள் தோற்கும் இடம் இதுதான். ஒரே சமயத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கும்போது, முதலாவதைச் சரிசெய்தாலும் கடைசி விடை மாறாது. உடனே நல்ல கேபிளைக் கெட்டது என்று முடிவுகட்டி ஓரம் வைத்துவிடுகிறோம். பிறகு எவ்வளவு முட்டினாலும் வழி திறக்காது. படம் வந்ததா இல்லையா என்று பார்ப்பதைவிட, முன்பு வராத எந்த அறிகுறி இப்போது வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பு லேப்டாப் சத்தமே போடவில்லை. இப்போது போட்டது. அப்படியென்றால் ஒரு படி ஏறிவிட்டோம். பிரச்சினை இப்போது அடுத்த படியில் இருக்கிறது.

கணக்கு வாத்தியாருக்கு இது பிடித்துவிட்டது. "அதாவது ஸ்டெப் மார்க் உண்டுங்கிற" என்றார்.

அந்தச் சத்தம் வருவதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கேபிளைச் செருகியதும், பழைய வேகத்தில் பேசும் இணைப்பானால், போன் அந்தத் தகவல் கம்பிகளில் ஒன்றில் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறது. வந்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். கம்ப்யூட்டர் அதைக் கவனித்து, கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெரியவரைப் போல விசாரிக்க ஆரம்பிக்கிறது: நீங்க யாரு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா, எந்த ஊரு. போன் தன் தயாரிப்பாளரின் எண்ணையும் மாடலின் எண்ணையும் சொல்லும். சாம்சங் போன் என்றால் 04இ8 என்றும், கூகுள் என்றால் 18டி1 என்றும் ஓர் எண் உண்டு. கம்ப்யூட்டர் அதற்கு 1 முதல் 127 வரை ஏதோ ஓர் இடத்தை ஒதுக்கும். அதன்பிறகு, உன்னால் என்னென்ன செய்ய முடியும் என்று கேட்கும். பதிலுக்கு ஏற்ற டிரைவரை எடுத்து மாட்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இதில் பாதியில் பேச்சு அறுந்தால்தான் 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்ட்' என்று திரை ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது. பேச்சே தொடங்கவில்லை என்றால் அந்தச் செய்திகூட வராது. ஆகவே அந்த எச்சரிக்கை வந்தால் கொஞ்சம் சந்தோஷப்படுங்கள். ஏதோ ஒரு குரலாவது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சாரின் போனில் விசாரணை முடிந்துவிட்டது. பெயர் வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே ஒன்றும் காட்டவில்லை. இங்கே கோளாறு எதுவும் இல்லை. போன் வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2010-ஐ ஒட்டி வந்த ஆண்ட்ராய்டு போன்களை வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: கேபிளைச் செருகினால் ஒரு பச்சை ரோபோ வந்து 'யூஎஸ்பி ஸ்டோரேஜை ஆன் செய்யவா' என்று கேட்கும். ஆன் செய்ததும் மெமரி கார்டு அப்படியே பென் டிரைவ் போலக் கம்ப்யூட்டரிடம் போய்விடும். அந்த நேரத்தில் போனில் கேலரியைத் திறந்தால் காலி, பாட்டைப் போட்டால் பாட்டு இல்லை. ஒரே கார்டில் இரண்டு இயந்திரங்கள் ஒரே சமயத்தில் எழுதினால் உள்ளே இருப்பதெல்லாம் குழம்பிவிடும் என்பதால் போன் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2011-இல் ஆண்ட்ராய்டு 3.0 வந்தபோது கூகுள் வேறு வழிக்கு மாறியது. அதற்கு எம்டிபி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் பாட்டுப் பெட்டிகளுக்காக, கேமராக்களின் பிடிபி முறையை விரித்து உருவாக்கியது. 2008-இல் யூஎஸ்பி அமைப்பின் பொது விதிகளில் சேர்ந்தது. இந்த முறையில் போன் தன் நினைவகத்தைக் கையை விட்டு விடுவதே இல்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாகக் கேட்க வேண்டும். போன் எடுத்துக் கொடுக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, இ என்றோ எஃப் என்றோ எழுத்துப் போட்ட டிரைவாகப் போன் இனி தெரியாது. பலர் அதைத் தேடிவிட்டுத்தான் தெரியவில்லை என்கிறார்கள். 'திஸ் பிசி'க்குள் மாடல் பெயரோடு ஒரு போன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, கதவு போனின் கையில் இருப்பதால், திறப்பதா வேண்டாமா என்பதையும் போனே தீர்மானிக்கிறது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் என்பதுதான் இயல்பு நிலை. கோப்புகளைக் காட்ட வேண்டுமென்றால் நீங்கள் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் பொதுச் சார்ஜிங் இடங்களில் யாராவது தகவலைத் திருடலாம் என்ற அச்சம் 2011 முதலே பேசப்படுகிறது. ஜூஸ் ஜாக்கிங் என்பார்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நிதி மோசடி எச்சரிக்கைக் கையேட்டில் அதுவும் இடம்பெற்றது. என்னைக் கேட்டால் இதில் நடந்ததைவிடப் பயந்ததுதான் அதிகம். ஆனாலும் முன்பின் தெரியாத கம்ப்யூட்டருக்குப் போன் தன் பெட்டியைத் திறந்து காட்டாமல் இருப்பது நல்லதுதானே.

"சார், போனோட லாக்கை எடுங்க. கேபிள் இருக்கும்போதே மேலிருந்து கீழே இழுங்க" என்றேன். இழுத்தார். வாட்ஸ்அப், வானிலை, கேஸ் புக்கிங் எல்லாவற்றுக்கும் அடியில், யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்று ஒரு சின்ன வரி. அதைத் தொட்டால் இன்னும் விவரம், மறுபடி தொட்டால் ஒரு பட்டியல்: சார்ஜ் மட்டும், ஃபைல் டிரான்ஸ்ஃபர், படங்கள் மட்டும், இன்னும் ஓரிரண்டு. ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தொட்டதும் லேப்டாப்பின் வெள்ளைத் திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

"இத்தனை நாளா இந்த வரி இங்கேயேவா இருந்துச்சு?"

இல்லை என்பதுதான் சுவாரசியம். பழைய வெள்ளைக் கேபிளில் இந்த வரி பெரும்பாலும் வந்திருக்காது. தகவல் கம்பி இல்லாதபோது, கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறோம் என்பதே போனுக்குத் தெரியாது; சுவரில் இருக்கும் சார்ஜரில் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். எனவே நோட்டிஃபிகேஷனில் அந்த வரி வருகிறதா என்று பார்ப்பது கேபிளைச் சோதிக்கும் நல்ல வழி. வந்தால் கேபிளில் சந்தேகம் வேண்டாம். வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல்.

லாக் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று தேர்ந்தெடுத்தாலும், போன் பூட்டியிருக்கும்போது செருகினால் உள்ளே காலியாகத்தான் காட்டும். பின் நம்பரோ விரல் ரேகையோ வைத்துத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கச் சலிப்பாக இருக்கிறதென்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்த பகுதியில் இதை நிரந்தரமாக மாற்றலாம். பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் அது திறக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பகுதி திறந்திருந்தால் சில வங்கி ஆப்கள் வேலை செய்ய மறுக்கும். மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கப்போகும் நமக்கு, வங்கி ஆப் நின்றுபோவது பெரிய தலைவலி.

வாட்ஸ்அப் வீடியோக்களைக் காணோம் என்று சார் அடுத்ததாகக் கேட்டார். முன்பெல்லாம் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டர் வெளியிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு அது உள்ளே போய்விட்டது: ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் மறுபடி மீடியா. கேமராவில் எடுத்தவை வழக்கம்போல டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் இருக்கும். சற்றுமுன் சேமித்த கோப்பு மட்டும் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். எம்டிபி காட்டுவது போன் வைத்திருக்கும் பட்டியலைத்தான், அது சில சமயம் தாமதமாகப் புதுப்பிக்கப்படும். போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்.

நகலெடுக்கத் தொடங்கினோம். மொத்தம் 32 ஜிபி. சாதாரண யூஎஸ்பி 2.0 இணைப்பின் வேகம் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட். சார் உடனே எட்டால் வகுத்து 60 மெகாபைட் என்றார். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. நொடிக்கு 30 என்று வைத்தாலும் சுமார் 18 நிமிடம். சின்னச் சின்னக் கோப்புகள் ஏராளமாக இருந்தால் இன்னும் கூடும். "இன்னொரு டீ குடிக்கலாம்" என்றார் அவரே.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு. கட் செய்து ஒட்டாதீர்கள். காப்பி மட்டும் செய்யுங்கள். நடுவில் கேபிள் அசைந்தால் கட் செய்த கோப்பு இங்குமில்லை அங்குமில்லை என்று ஆகிவிடலாம். முழுவதும் வந்தபின் லேப்டாப்பில் நாலைந்து வீடியோக்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் போனில் அழியுங்கள்.

இரண்டாவது டீயோடு சார் கேட்டார்: "எனக்கு ரெண்டு படியிலேயே வந்துடுச்சு. கேபிளும் சரி, லாக்கும் எடுத்தாச்சு, அப்பவும் வரலைன்னா?"

அப்போது போனின் வாயைப் பார்க்க வேண்டும். சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் கிடந்து கிடந்து சார்ஜிங் போர்ட்டுக்குள் பஞ்சு சேர்ந்து கெட்டியாகிவிடும். கேபிள் முழுதாக உள்ளே போகாது, லேசாக ஆடும், ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். டைப் சி போர்ட்டில் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. மின்சாரத்துக்கான முனைகள் பல என்பதால் அவற்றில் ஒன்றிரண்டு மறைந்தாலும் சார்ஜ் போய்க்கொண்டிருக்கும், தகவல் முனைகள் மட்டும் தொடாமல் நின்றுவிடும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாக மெல்ல நெம்பி எடுங்கள். நம் வீடுகளில் இதற்கு முதலில் கை போவது ஊக்குக்குத்தான். வேண்டாம். டைப் சி-யின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. இரும்பு பட்டு அது உடைந்தால் அப்புறம் செலவுதான்.

அடுத்து கம்ப்யூட்டர் பக்கம். டெஸ்க்டாப் என்றால், எல்லோரும் சிபியு என்று அழைக்கும் அந்தப் பெட்டியின் முன்பக்கத் துளைகளை விட்டுவிட்டு, பின்பக்கம் செருகிப் பாருங்கள். பின்பக்கத் துளைகள் நேராக மதர்போர்டில் இருப்பவை. முன்பக்கத்தவை உள்ளே ஒரு நீளக் கம்பியால் இணைக்கப்பட்டவை. அந்தக் கம்பி தளர்ந்திருக்கும், பெட்டியைப் பூட்டியவர் சிலசமயம் செருகவே மறந்திருப்பார். நான்கைந்து சாதனம் மாட்டும் ஹப் இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். அதை மவுஸ், கீபோர்டு, வெப்கேம் எல்லாம் பங்குபோட்டால் போனுக்குப் போதாமல் இணைப்பு விட்டுவிட்டு வரும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் விண்டோஸைச் சந்தேகப்பட வேண்டும். கடைக்காரர் தொடங்கிய இடம் கடைசியில்தான் வர வேண்டும். அதிலும் முதல் மருந்து ரீஸ்டார்ட். "தினமும் ஷட் டவுன் பண்ணித்தானே வைக்கிறேன்" என்றார் சார். அது போதாது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் அடித்தளமும் டிரைவர்களும் அப்போதைய நிலையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டு, மறுபடி ஆன் செய்யும்போது அப்படியே எடுத்து வைக்கப்படுகின்றன. சீக்கிரம் எழுந்துகொள்வதற்காக இந்த வழி. முந்தைய நாள் சிக்கிக்கொண்ட டிரைவர் அடுத்த நாளும் சிக்கிய நிலையிலேயே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அதற்கும் அசையவில்லையென்றால் ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கேபிளைச் செருகி எடுத்துப் பாருங்கள். செருகும்போதும் எடுக்கும்போதும் பட்டியல் ஒருமுறை கண்சிமிட்டுகிறதா? சிமிட்டாவிட்டால் பேச்சே தொடங்கவில்லை. கேபிள், துளை, போனின் போர்ட் என்று பழைய படிக்கே திரும்புங்கள், விண்டோஸை நோண்டிப் பயனில்லை. 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்து, திறந்தால் கோடு 43 என்றிருந்தால், விசாரணை பாதியில் அறுந்திருக்கிறது. இதற்கும் பெரும்பாலும் காரணம் கேபிளோ போர்ட்டோதான். போனின் பெயர் சரியாக வந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் மட்டும் இருந்தால் அப்போது டிரைவர் கோளாறு. அதன்மேல் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கேபிளை எடுத்துவிட்டு மறுபடி செருகினால் விண்டோஸ் புதிதாக மாட்டிக்கொள்ளும். அதிலும் வரவில்லை என்றால் அப்டேட் டிரைவரில், கம்ப்யூட்டரில் இருப்பதிலிருந்தே நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போய் 'எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்' என்பதைத் தொடுங்கள். விண்டோஸ் 10-லும் 11-லும் இந்த டிரைவர் கூடவே வருகிறது. ஆகவே எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் தருகிறேன் என்று கூகுளில் முதலில் வந்து நிற்கும் மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். போன் வருகிறதோ இல்லையோ, கேட்காத விளம்பரங்கள் நிச்சயம் வரும்.

அபூர்வமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'என்' (N) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த விண்டோஸ் ஒன்று உண்டு: விண்டோஸ் 10 புரோ என், 11 ஹோம் என் என்று. 2004-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையம் எடுத்த முடிவின்படி, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸும் அங்கே கிடைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதிப்புகளில் மீடியா பகுதிகளோடு சேர்ந்து எம்டிபியும் இல்லாமல் போய்விட்டது. ஐரோப்பாவில் இருக்கும் மகனோ மகளோ அனுப்பிய லேப்டாப்பிலும், விண்டோஸ் ஏற்றியவர் பட்டியலில் கைதவறி 'என்' பதிப்பைத் தொட்டுவிட்ட கம்ப்யூட்டரிலும் இது இருக்கலாம். கேபிளை எத்தனை மாற்றினாலும் போன் வராது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை, வீட்டில் வருகிறது என்றால் அங்கே யூஎஸ்பியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு விட்டுவிடுங்கள். ஆப்பிள் மேக்கில் ஆண்ட்ராய்டு போன் தானாக வராது. மேக்கில் எம்டிபி கிடையாது, ஓப்பன்எம்டிபி போல ஏதாவது ஒன்றை நிறுவ வேண்டும்.

"மக வச்சிருக்கறது ஐபோன். அதுவும் இந்த லேப்டாப்ல வரும்ல?"

வரும். அதன் பழக்கம் கொஞ்சம் வேறு. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல், இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று ஐபோன் கேட்கும். டிரஸ்ட் என்று தொட்டு, பின் நம்பர் போட வேண்டும். அவசரத்தில் வேண்டாம் என்று தொட்டுவிட்டால் கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் போதும். போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் பூட்டியே கிடந்தால், 2018-இல் வந்த பாதுகாப்பு ஏற்பாட்டின்படி தகவல் வழியையே அடைத்துவிடும். திறந்துவிட்டுச் செருக வேண்டும். விண்டோஸில் அது காட்டுவது படங்களையும் வீடியோக்களையும் மட்டும்தான். நகலெடுக்கும்போது பாதியில் சாதனம் பதில் தரவில்லை என்று நின்றுவிட்டால், ஐபோன் செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதியின் கடைசியில், மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' இருக்கும். அதைக் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள். ஐபோன் தன் ஹெச்இஐசி படங்களை ஒவ்வொன்றாக ஜேபெக்காக மாற்றிக் கொடுக்க முயன்று திணறுவதுதான் அங்கே காரணம். சர்வீஸ் கடைக்குப் போனாலும் இந்த ஒரு வரியை மாற்றச் சொல்பவர்கள் குறைவு.

எதைச் செய்தும் எந்தக் கம்ப்யூட்டரிலும் போன் வரவில்லை என்றால் போர்ட்டே கெட்டிருக்கலாம். அதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி: டைப் சி முனை இருக்கும் பென் டிரைவ் ஒன்றைப் போனில் செருகுங்கள். சில போன்களில் அதற்குமுன் செட்டிங்ஸில் ஓடிஜி என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். பென் டிரைவ் தெரிந்தால் போனின் தகவல் முனைகள் நன்றாக இருக்கின்றன. மறுபடி கேபிளையும் கம்ப்யூட்டரையும் பாருங்கள். நல்ல பென் டிரைவே தெரியவில்லை என்றால் சார்ஜிங் போர்டு மாற்ற வேண்டிவரும். வியர்வையும் மழைத்துளியும் பட்டு முனைகள் அரித்துப்போவது நம் ஊரில் சகஜம். பல போன்களில் இது தனிச் சிறு பலகையாகவே இருப்பதால் மெயின் போர்டைத் தொடாமல் மாற்றிவிடலாம். நினைவகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் தகவல் போனால் பொறுப்பில்லை என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதனால் கொடுக்கும் முன் வைஃபை வழியாக முக்கியமானதை எடுத்து வைத்துவிடுங்கள். கூகுளின் குயிக் ஷேரை விண்டோஸ் லேப்டாப்பில் நிறுவினால் கேபிளே இல்லாமல் அனுப்பலாம்.

"அப்போ இந்தக் கேபிள் சமாச்சாரமே வேண்டாமே, எல்லாத்தையும் அதிலேயே அனுப்பிடலாமே?" என்றார் சார்.

பத்துப் படம், இருபது படம் என்றால் அதுவே போதும் சார். 32 ஜிபியை அனுப்பும்போது போன் திரை அணைந்தாலோ வைஃபை விட்டுப்போனாலோ எதுவரை வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். மொத்தமாக எடுக்க நல்ல கேபிள் ஒன்றை வாங்கி, மறக்காமல் அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைக் கேபிள் இயர்போனுக்கே இருக்கட்டும்.